படப்பெட்டியில் வந்த மீசைக்காரர்

"யாருங்க இந்த ஆளு?"

மனைவி கேட்டதும் டிஷ்காரர் சட்டைக்குள் கையை நுழைத்தபடியே வந்து பார்த்தார். ஃபிரிட்ஜ் மேல் புதிதாக உட்கார்ந்திருந்த படப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு மீசைக்காரர் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மீசையென்றால் சாமானிய மீசை இல்லை. ஆள் உட்கார்ந்த பிறகும் மீசை நின்றுகொண்டிருந்தது. மடியில் ஒரு கறுப்பு நாய். அதுவும் சிரிப்பது போலத்தான் தெரிந்தது.

"உன் சொந்தக்காரங்க யாராவது இருப்பாங்க" என்றார் டிஷ்காரர்.

"எங்க பக்கத்துல யாருக்கும் இவ்ளோ மீசை கிடையாது. உங்க பக்கத்துல?"

"எங்க பக்கத்துல நாய் யார் மடியிலயும் உக்காராது. கடிச்சுட்டுத்தான் போகும்."

ஆக, ஆள் யாரென்று தெரியவில்லை. அந்தப் பெட்டிக்குள் தெரிய வேண்டியவன் அவர்களுடைய ஒரே மகன்.

மகனுக்கு விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் வேலை. அவன் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பெற்றவர்கள் இருவரிடமும் இருப்பது பட்டன் போன். "தொட்டா வேலை செய்யற சாமானை நம்பக்கூடாது. அழுத்தணும், சுத்தணும், அப்பத்தான் அதுக்கும் ஒரு மரியாதை" என்பது டிஷ்காரரின் கொள்கை. ஊரில் பாதி மொட்டைமாடிகளில் டிஷ் ஆன்டெனா மாட்டியவர் அவர். ஆனால் அவர் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அதனால் அப்பாவுக்கும் மகனுக்கும் குரலால் மட்டும்தான் பழக்கம்.

அந்தக் குரலுக்கும் நடுவில் ஒரு தடங்கல் வந்தது. ஒரு மத்தியான வெயிலில் டிஷ்காரர் ஏணி உச்சியில், வாயில் ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு நின்றபோது மகன் கூப்பிட்டான். "அப்பா, ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும்" என்றான். ஸ்பேனர் கீழே விழுந்தது. விழுந்த இடத்தில் வீட்டுக்காரரின் கார் இருந்தது. அந்தக் கோபத்தில் டிஷ்காரர் கத்தினார்: "முக்கியமான விஷயத்தையெல்லாம் போன்ல சொல்லாதே! மொகத்தைக் காட்டிச் சொல்லு! மொகம்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு?"

மகன் போனை வைத்துவிட்டான். பிறகு பல மாதம் கூப்பிடவே இல்லை. இவரும் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் சமையலறையில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் இந்தப் படப்பெட்டி பார்சலில் வந்தது. கூடவே மகனின் போனும் வந்தது.

"இதுக்கு வைஃபை வேணாம்ப்பா, நல்ல போன் வேணாம், ஒண்ணும் வேணாம். சிம் உள்ளயே இருக்கு. பிளக்கைச் சொருகினா போதும். நான் இங்க படம் அனுப்பினா அங்க தானா தெரியும். இனிமே எதுவானாலும் காட்டியே சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டிஷ்காரருக்கும்தான். ஆனால் அவர் பிளக்கைச் சொருகும் சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகன் மறுபடி பேச ஆரம்பித்ததே பெரிது, இனி ஒரு வார்த்தை பிசகிவிடக்கூடாது என்று இருவரும் சொல்லிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தார்கள்.

சொருகினார்கள். மீசைக்காரர் வந்தார்.

"ஸ்டேஷன் மாறி விழுது" என்றார் டிஷ்காரர், இருபது வருஷத் தொழில் அனுபவம் தொண்டையில் ஏற. "டிஷ் விரக்கடை நகர்ந்தா வேற நாட்டு நியூஸ் வரும். அதே கதைதான். யாரோ ஒரு குடும்பத்து படம் நமக்கு வருது. இடத்தை மாத்தி வெச்சா சரியாயிடும்."

ஃபிரிட்ஜ் மேலிருந்து ஜன்னலுக்கு மாற்றினார். ஜன்னலிலிருந்து, எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, பால்கனிக்கு. பால்கனியில் துணி காயப்போடும் கம்பியில் கட்டி, வானத்தைப் பார்த்துச் சாய்த்து, காம்பஸை வைத்துக் கோணம் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் அதை வியப்போடு கவனித்தார்.

பெட்டி 'டிங்' என்றது. புதுப் படம் வந்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், அதே கறுப்பு நாய்க்குக் காது துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, சிக்னல் கூடியிருக்கு!"

"சிக்னல் கூடி என்ன? அதே வீடு, அதே நாய்."

"ஆமா" என்று ஒப்புக்கொண்டார் டிஷ்காரர். "ஸ்டேஷன் மாறல."

அந்த நேரம் பார்த்து மகன் கூப்பிட்டான்.

"படம் வருதாப்பா?"

உண்மையைச் சொல்லத்தான் டிஷ்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் மகன், "நான் கடையிலயே சொல்லிட்டேன், எங்கப்பாவுக்குச் சிக்னல் சமாச்சாரமெல்லாம் தண்ணி பட்ட பாடு, யாரும் போய் மாட்டித்தர வேணாம்னு" என்று சிரித்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய், உன் அப்பனுக்கு ஒரு போட்டோ பெட்டியை வைக்கத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"பளிச்சுனு வருது" என்றார்.

"பாத்தீங்களா? பிடிச்சிருக்கா?"

மகன் என்ன படம் அனுப்பியிருப்பான் என்று தெரியாத நிலையில் எதற்கும் பொருந்துகிற வார்த்தையாகத் தேடிப் பிடித்தார். "லட்சணமா இருக்கு."

'லட்சணமா' என்று மகன் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பிறகு, "அம்மா என்ன சொல்றாங்க?" என்றான் மெதுவாக.

"உங்கம்மாவா? பொட்டி முன்னாலேர்ந்து எழுந்திருக்கவே மாட்டேங்கறா."

இது மட்டும் உண்மை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிறவளுக்கு ஒரு படத்தைப் படிப்பது பெரிய காரியமா?

"இந்த ஆளுக்கு பிரஷர் இருக்கு" என்றாள் போன் வைக்கப்பட்டதும். "மேஜைல பாருங்க, மாத்திரை அட்டை. இது ராத்திரி போட வேண்டியது. அட்டை அப்படியே முழுசா இருக்கு, போடறதே இல்ல போலிருக்கு. இவரைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கணும்."

"நமக்கென்ன? நம்ம புள்ள எங்கன்னு தேடு."

"அவன்தான் இல்லையே. இருக்கறவங்களைப் பாக்கறேன்."

அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. மூக்குக்கண்ணாடிப் பெண் அப்பாவை அதட்டி மாத்திரை கொடுப்பது, மீசைக்காரர் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கப் பார்ப்பது, பெண் அதைக் கண்டுபிடித்துவிடுவது. அம்மாவுக்கு வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது.

"அட்டையைத் திருப்பி, பேரைப் படிச்சுட்டுத்தான் குடுக்குது பாருங்க. இந்த மாதிரி ஒரு பொண்ணைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்க."

"படம் எடுக்கறவனைப் பெத்தவங்க குடுத்து வைக்கல" என்றார் டிஷ்காரர். "எல்லாப் படத்துலயும் ஓரத்துல கட்டைவிரல் தெரியுது பாரு. லென்ஸை விரலால மூடி எடுத்திருக்கான், முட்டாப்பய."

அந்தப் பெட்டியில் அவருக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது, அது அவரைத் தூங்கவிடவில்லை. ஆன்டெனா எங்கே? கரன்ட் வயரைத் தவிர வேறு வயர் இல்லை, குடை இல்லை, கம்பி இல்லை. ஒன்றுமில்லாமல் எப்படி இழுக்கிறது? வெளியே இல்லையென்றால் உள்ளே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும். விடிந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சும்மா திறந்து பாத்துட்டு மூடிடறேன்."

திறந்தார். உள்ளே நகம் அளவுக்கு ஒரு சில்லு பலகையோடு பலகையாக ஒட்டிக் கிடந்தது. சிம் என்று உருவி எடுக்க எதுவுமில்லை. ஓரத்தில் மயிரிழை போல ஒரு செப்புக்கோடு வளைந்து வளைந்து ஓடியது. அதுதான் ஆன்டெனா என்று புரிந்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தான் ஏணி வைத்து ஏறி மாட்டுகிற இரும்புக்குடைக்கு இது என்ன உறவுமுறை ஆகும் என்று யோசித்தபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடினார். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது.

மறுபடி போட்டபோது மீசைக்காரர் தலைகீழாகத் தொங்கினார். மீசை நெற்றிக்கு மேலே இருப்பது போல ஆகிவிட்டது.

"சும்மா திறந்து பாத்துட்டு மூடினீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"அதுக்கென்ன?" என்று பெட்டியையே தலைகீழாகத் திருப்பி வைத்தார் டிஷ்காரர். படம் நேராகிவிட்டது. தொழில் என்பது இதுதான் என்ற பெருமிதத்தோடு, பெட்டியின் பின்னால் இருந்த உதவி எண்ணை அழுத்தினார்.

"வணக்கம் சார், என்ன பிரச்சினை?" என்றாள் ஒரு பெண்.

"யாரோட படமோ எங்களுக்கு வருதும்மா."

"அப்படி வர சான்ஸே இல்ல சார். உங்க பெட்டியில சிம்மை உள்ளயே பதிச்சு வெச்சிருக்கோம். யார் வாங்கிப் பதிவு பண்ணாங்களோ அந்த ஒரு நம்பர்லேர்ந்து மட்டும்தான் படம் வரும். வேற யாரும் அனுப்ப முடியாது."

"ஆனா வருதே!"

"பதிவான நம்பரைப் படிக்கட்டுமா சார்?"

"வேணாம்மா. தப்பா பதிவான நம்பரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?" என்றார் டிஷ்காரர் பெருந்தன்மையாக.  அந்தப் பெண் ஏதாவது உதவி செய்ய வேண்டுமே என்று, "சார், ஸ்கிரீன்ல கீழே ஒரு ஹார்ட் இருக்கும். அதைத் தொட்டீங்கன்னா, படம் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு அனுப்பினவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்தாள்.

டிஷ்காரர் விரலைச் சொடுக்கினார். இப்போது எல்லாம் புரிந்துவிட்டது.

"கம்பெனியிலயே ரெண்டு பொட்டி மாறிப்போச்சு. அவங்க பொட்டி நமக்கு வந்திருக்கு. நம்ம பொட்டி அந்த மீசைக்காரன் வீட்ல இருக்கு. அவங்க படம் இங்க வருது, நம்ம புள்ள படம் அங்க போவுது."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என் புள்ள மொகத்தை அந்த மீசைக்காரன் தினமும் பாக்கறானா?"

"ஆமா, பின்ன?"

"இளைச்சிருக்கானா, சாப்பிடறானா எல்லாம் அவனுக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

 அதுவரை பிடித்திருந்த மீசைக்காரரைப் பார்த்து முதன்முறையாக இருவருக்கும் வயிறு எரிந்தது.

"புள்ளகிட்ட சொல்லிடலாங்க."

"இத்தனை நாள் லட்சணமா இருக்கு, பளிச்சுனு இருக்குன்னு சொல்லிட்டு இப்பப் போய் ஒண்ணையுமே பாக்கலன்னு சொல்லச் சொல்றியா? மறுபடி போனை வெச்சுடுவான். அதை உன்னால தாங்க முடியுமா?"

அவளால் முடியாது. அவராலும் முடியாது. ஆகவே டிஷ்காரர் ஒரு திட்டம் போட்டார். இதயத்தைத் தொட வேண்டும். தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் வீட்டுப் படத்துக்கெல்லாம் யார் இப்படி ஹார்ட் போடுகிறார்கள் என்று மீசைக்காரர் வீட்டில் குழம்புவார்கள். கம்பெனிக்குப் போன் செய்வார்கள். பெட்டி மாறியது தெரிந்துவிடும். தாங்களாகவே திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மகனுக்கு விஷயமே தெரியாது.

தன் கொள்கையை மீறி முதன்முதலாக ஒரு கண்ணாடித் திரையைத் தொட்டார். அப்போது திரையில் இருந்தது மூக்குக்கண்ணாடிப் பெண். ஒரு சிவப்பு இதயம் குபுக்கென்று மேலே மிதந்து போனது.

"போயிடுச்சு!" என்றாள் அம்மா ஆச்சரியத்தோடு. "இன்னொண்ணு போடுங்க."

இன்னொன்று போட்டார். நன்றாகக் கவனிக்கட்டுமே என்று மேலும் சில போட்டார். அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார்: பெட்டியைப் பிரித்து மூடியதாலோ என்னவோ, எங்கே தொட்டாலும் இதயம்தான் போகிறது. படத்தைத் தள்ளப் போனால் இதயம். நிறுத்தப் போனால் இதயம். அம்மா காலையில் தூசி துடைக்கிற துணியோடு வந்து மீசைக்காரரின் முகத்தை அழுத்தித் துடைத்தபோது, அடுப்பில் பால் பொங்குவது போல இதயங்கள் பொங்கிப் போயின.

பலன் உடனே தெரிந்தது. படங்கள் கொட்ட ஆரம்பித்தன.

ஒரு காலி வீடு. வெளிச்சமான கூடம், இரண்டு ஜன்னல், சின்ன பால்கனி. மூக்குக்கண்ணாடிப் பெண் டேப்பைப் பிடித்து ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் வழக்கமான கட்டைவிரல்.

"வீடு பாக்கறாங்க போல. காத்தோட்டமா இருக்கு" என்றாள் அம்மா, தூசித் துணியோடு.

அடுத்து நீலத் திரைச்சீலை. அடுத்து மஞ்சள் திரைச்சீலை.

"நீலம் நல்லாருக்கு. மஞ்சள் அழுக்கு தெரியும்" என்று அவள் சுட்டிக்காட்டிய விரல் நீலத்தில் பட்டுவிட்டது. மறுநாள் வந்த படத்தில் ஜன்னலில் நீலத் திரை தொங்கியது.

"என்னங்க இது? நான் சொன்னது அவங்களுக்குக் கேட்டுதா என்ன?"

"சும்மா இரு. தற்செயல்."

அதற்கும் அடுத்த படத்தில் பெரிய ஹால். வரிசை வரிசையாக நாற்காலிகள், மீசைக்காரர் நடுவில் நின்று கையை விரித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

"புரிஞ்சுபோச்சு" என்றார் டிஷ்காரர். "இந்த ஆளு புரோக்கர். வீடு, ஹால் எல்லாம் வாடகைக்கு விடறான். நாம ஹார்ட் போடறதைப் பாத்துட்டு, நமக்கு வீடு வேணும்னு நெனைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா காட்டறான்."

"ஐயோ, எங்கயோ இருக்கற வீடு நமக்கு எதுக்குங்க?"

"அதைச் சொல்ல இதுல பட்டன் இல்லையே."

அன்று மகன் கூப்பிட்டபோது அவன் குரல் கம்மியிருந்தது.

"அப்பா, அம்மாவுக்கு இவ்வளவு பிடிக்கும்னு நான் நெனைக்கவே இல்லப்பா. நீங்க சத்தம் போடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

படம் பார்த்ததற்கு யாராவது சத்தம் போடுவார்களா என்று டிஷ்காரருக்குத் தோன்றியது. ஆனாலும் பிள்ளை உருகுகிறானே. "ஏன்டா சத்தம் போடறேன்? நீ என்ன காட்டினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்றார்.  ஏணி உச்சியிலிருந்து கத்தியதற்கு இதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

"அடுத்த படம் பாத்து நீங்க ஆச்சரியப்படப்போறீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"அந்தப் படமும் மீசைக்காரனுக்குத்தான் போகும்" என்று மூக்கைச் சிந்தினாள் அம்மா.

சிந்திவிட்டு நிமிர்ந்தவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க, அந்தப் பொண்ணு படத்துக்கு எத்தனை ஹார்ட் போட்டிருப்பீங்க?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? பளிச்சுனு தெரியணுமேன்னு போட்டேன்."

"வயசுப் பொண்ணுங்க அது. யாரோ முகம் தெரியாத ஆளு, பொண்ணு படம் வந்தா வந்தபடியே ஹார்ட் போடறான்னா, பெத்த அப்பன் என்ன நெனைப்பான்?"

டிஷ்காரர் தொட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "நீதானே இன்னொண்ணு போடுங்கன்னே!"

"நான் போட்டது எல்லாம் துணியால."

பெட்டி 'டிங்' என்றது. இருவரும் மெல்லத் திரும்பினார்கள். மீசைக்காரர் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு சூட்கேஸ் மேல் ஏறி உட்கார்ந்து அதை மூட முயன்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. மீசை விறைத்திருந்தது.

"கிளம்பிட்டான்" என்றார் டிஷ்காரர். "கம்பெனியில நம்ம விலாசத்தை வாங்கியிருப்பான்."

பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி அணையவில்லை. உள்ளே பேட்டரி இருந்ததை, ஆன்டெனாவைத் தேடிய வேகத்தில் அவர் கவனித்திருக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே மிஞ்சின ஒரு ஸ்க்ரூ போதும் என்றாள். கடைசியில் அவருக்குத் தொழில் கைகொடுத்தது. இரும்புக்குள் சிக்னல் நுழையாது. பெட்டியைத் துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டி வாயை மூடிக்கொண்டது. ஆனால் வீட்டில் நிம்மதி வரவில்லை. இருவரும் சாப்பிட்டார்கள், பீரோவைப் பார்த்தார்கள். டிஷ்காரர் வேலைக்குப் போகாமல் பேப்பரைப் பிரித்தார், பீரோவைப் பார்த்தார்.

"சூட்கேஸ் மூடிச்சா இல்லையான்னு மட்டும் பாத்துடலாமா?" என்றாள் மனைவி.

"கூடாது."

"அந்தப் பொண்ணு மாத்திரையை எடுத்து வெச்சுதான்னாவது..."

"கூடாதுன்னா கூடாது" என்று சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துவிட்டார். அவருக்கும் எத்தனை நேரம்தான் பொறுக்கும்?

பீரோவைத் திறந்ததும், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டுவது போல 'டிங், டிங், டிங்' என்றது. விமான நிலையத்தில் மீசைக்காரர். விமான ஜன்னலோரத்தில் மூக்குக்கண்ணாடிப் பெண். கடைசிப் படத்தில் ஒரு தெருமுனை. சைக்கிள் ரிப்பேர் கடை, வளைந்த விளக்குக் கம்பம், பச்சை போர்டு வைத்த ஒரு மருந்துக்கடை.

"எங்க கடைங்க!" என்று வீறிட்டாள் அம்மா.

கீழே ஒரு கார்க்கதவு அறையும் சத்தம் கேட்டது. படியில் செருப்புகள் ஏறிவந்தன. காலிங்பெல் அடித்தது.

டிஷ்காரர் பெட்டியை மறுபடி துண்டில் சுற்றப் பார்த்தார். மனைவிதான் போய்த் திறந்தாள். வாசலில், பெட்டிக்குள் பார்த்ததைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, மீசைக்காரர் நின்றார். பக்கத்தில் மூக்குக்கண்ணாடிப் பெண், கையில் அப்பாவின் மாத்திரை டப்பா. இருவருக்கும் மூச்சு வாங்கியது.

மீசைக்காரர் வாயைத் திறப்பதற்குள் டிஷ்காரர் பெட்டியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"சார், கோவப்படாதீங்க. ஹார்ட்டெல்லாம் நான் வேணும்னு போடல. இது எங்க தொட்டாலும் போவுது. பாதி இவ துணி போட்டது. தப்பு கம்பெனி மேலதான், பொட்டி மாறிப்போச்சு. இந்தாங்க உங்க பொட்டி, ஒரு ஸ்க்ரூ மட்டும் தனியா தர்றேன். எங்க பொட்டியைக் குடுத்துட்டீங்கன்னா போதும். இவ புள்ள மொகத்தைப் பாத்து வருஷக்கணக்கா ஆவுது சார்."

மீசைக்காரர் ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார். மகள் படிக்கட்டைப் பார்த்தாள்.

டிஷ்காரரின் கையிலிருந்த பெட்டி 'டிங்' என்றது. அவசரத்தில் நேராகப் பிடித்திருந்ததால் புதுப் படம் தலைகீழாக வந்தது. அதில் அவர் வீட்டு வாசல் இருந்தது. வாசலில் அவரே, பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அசடு வழிய நின்றார். பக்கத்தில் தூசித் துணியோடு அவர் மனைவி. ஓரத்தில் அந்தக் கட்டைவிரல்.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. விரலை மட்டும் பார்த்தாள். பிறகு எல்லோரையும் விலக்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கப் போனாள்.

மீசைக்காரர் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீசை குலுங்கச் சிரித்தார்.

"எங்களுக்கு எதுக்கு பொட்டி சம்பந்தி? படம் அனுப்பின உங்க புள்ளதான் தினமும் எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில நேராவே உக்காந்திருக்காரே!"